தூண்டில் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் குறைவில்லாமல் நடந்தன. கரையைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டபோது மட்டும் வழக்கம்போல் பாதிப் பேருக்கு அன்றைக்கே கல்யாணம் இருந்தது. அதை விடுவோம். இந்த ஆண்டு என் நேரத்தைப் பெரிதும் தின்றது மீன்பிடி லைசென்ஸ் விவகாரம்தான்.

தூண்டிலை எடுத்துக்கொண்டு வெளிநாடு கிளம்பும் உறுப்பினர்கள் போனில் முதலில் கேட்பது, "லைசென்ஸுக்கு எவ்வளவு ஆகும்?" எந்தத் தண்ணீர், எந்த மீன், எத்தனை நாள், வயது என்ன, அங்கேயே குடியிருப்பவரா என்பதெல்லாம் தெரியாமல் அதற்குப் பதில் கிடையாது. அமெரிக்காவில் லைசென்ஸ் கொடுப்பவை மாநிலங்கள். வெளிமாநிலத்தாருக்குப் பொதுவாகக் கட்டணம் கூடுதல். நியூசிலாந்தில் கடலில் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட லைசென்ஸ் வேண்டாம், ஆற்றில் ட்ரவுட் என்ற நன்னீர் மீனைப் பிடிக்க லைசென்ஸ் வேண்டும், டாப்போ ஏரிப் பகுதிக்குத் தனி லைசென்ஸ். ஜெர்மனியிலோ காசு மட்டும் போதாது, பெரும்பாலும் பரீட்சை எழுதித் தேற வேண்டும். இதைச் சொன்னதும் ஒரு மூத்த உறுப்பினர் பயணத்தையே தள்ளிப்போட்டார்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. லைசென்ஸ் வேறு, தண்ணீருக்குச் சொந்தக்காரரின் அனுமதி வேறு. இங்கிலாந்தில் நன்னீரில் தூண்டில் போட 13 வயதிலிருந்து லைசென்ஸ் வேண்டும். அது கையில் இருந்தாலும், குளம் ஒரு கிளப்புக்குச் சொந்தமென்றால் அவர்களுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். 13 முதல் 16 வயது வரை அங்கே லைசென்ஸ் இலவசம். இலவசம் என்றால் தேவையில்லை என்று ஓர் அப்பா முடிவுகட்டிவிட்டார். காசு வாங்க மாட்டார்கள், ஆனால் எடுத்தே ஆக வேண்டும் என்று விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

சரி, அடுத்தவர் கதை போதும். நானும் மாட்டினேன். ஓர் ஊரில் நவம்பரில் ஆண்டு லைசென்ஸ் வாங்கிவிட்டு, அடுத்த நவம்பர் வரை கவலையில்லை என்று இருந்தேன். ஜனவரியில் ஆற்றங்கரையில் ஒரு காவலர் வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து நனைந்து ஒட்டிக்கொண்ட சீட்டைப் பிரித்துக் கொடுத்தேன். கீழ் மூலையில், நான் ஒருமுறைகூடப் படிக்காத வரியில் விரலை வைத்தார்: டிசம்பர் 31 வரை. அபராதம் கட்டிய ரசீது இன்னும் என் தூண்டில் பெட்டியில் இருக்கிறது. இங்கிலாந்தில் 2017 முதலும், கலிபோர்னியாவில் 2023 முதலும் வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு என்று மாற்றிவிட்டார்கள். எல்லா ஊரிலும் அப்படி இல்லை. கட்டணத்தைப் பார்க்கும் முன் முடிவுத் தேதியைப் பாருங்கள்.

செலவைக் குறைக்கவும் வழி உண்டு. இரண்டு நாள் பயணத்துக்கு ஆண்டுச் சீட்டு வீண், பல இடங்களில் ஒருநாள் சீட்டே கிடைக்கும். அடிக்கடி போகிறவர் தினச்சீட்டாகவே வாங்கினால் கணக்கு தலைகீழாகிவிடும். கலிபோர்னியாவில் கடலுக்குள் நீளும் பொதுப் பாலங்களில் நின்று பிடிக்க லைசென்ஸ் கேட்பதில்லை. புளோரிடாவில் உரிமம் பெற்ற வாடகைப் படகில் போனால் படகின் லைசென்ஸே பயணிகளுக்கும் போதும்.

"மீன் என்ன இவர்கள் வளர்த்ததா, எதற்குக் கட்டணம்?" என்று ஜூலை கூட்டத்தில் ஒருவர் கொதித்தார். பல இடங்களில் குஞ்சு வளர்த்து விடுவதே லைசென்ஸ் கொடுப்பவர்கள்தான் ஐயா. அமெரிக்காவில் 1950-இல் வந்த சட்டப்படி தூண்டில், அதன் நூலைச் சுற்றும் ரீல் விற்பனையில் எடுக்கும் வரிகூட மீன்வளத்துக்காக மாநிலங்களுக்குப் போகிறது.

அப்புறம், லைசென்ஸ் இருந்தாலும் எல்லா நாளும் பிடிக்க முடியாது. இங்கிலாந்து ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை, முட்டையிடும் பருவம் என்பதால், ட்ரவுட், சால்மன் வகை தவிர்த்த நன்னீர் மீன்களுக்குத் தூண்டில் போடத் தடை. பிடிபட்ட மீனின் நீளத்துக்கும் விதி உண்டு. சில இடங்களில் வால் நுனி வரை அளப்பார்கள், சில இடங்களில் வால் பிரியும் கவட்டை வரைதான்.

அதற்காகவே செயற்குழு நனையாத அளவுப் பட்டைகள் வாங்கியிருக்கிறது. சந்தா பாக்கி இல்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். பாக்கி உள்ளவர்கள் முதலில் பொருளாளரைப் பாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்