ஆன்டெனா வாங்கும் முன்: தொண்டி நண்பனுக்கு

தங்கச்சிமடம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகள் பேறுகாலத்துக்கு வீட்டுக்கு வந்திருப்பதையும், மாடி அறையில் உட்கார்ந்தபடியே அலுவலக வேலையைத் தொடர்வதையும் படித்து எங்கள் வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். இங்கே எல்லோரும் நலம். வாடைக்காற்று தொடங்கிவிட்டதால் படகுகள் பல நாள்களாகக் கரையிலேயே நிற்கின்றன.

மாடிக்கு வைஃபை சரியாக எட்டவில்லை என்றும், 12 டிபிஐ என்று அச்சிட்ட இரண்டு ஆன்டெனாக்களை வாங்கி ரூட்டரில் மாட்டினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறாய். இந்தக் கடிதத்தை முழுவதும் படிக்காமல் வாங்கிவிடாதே. சென்ற ஆண்டு இதே வேலையில் இறங்கி, வாங்கியவற்றில் பாதியைப் பயன்படுத்த முடியாமல் எடுத்து வைத்தவன் நான்.

பள்ளி நாள்களில் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினியைப் பார்ப்பதற்காக உங்கள் மொட்டை மாடியில் நீ அலுமினிய ஆன்டெனாவைத் தென்கிழக்காகத் திருப்பிக்கொண்டிருக்க, நான் கீழே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நின்று "வருது, வருது, அப்படியே விடு" என்று கத்திய மாலைகளை எண்ணிப் பார். அந்த வகை ஆன்டெனாவை 1926-இல் ஜப்பானில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் உருவாக்கினார்கள். அது எந்த வலிமையையும் தானாக உண்டாக்கவில்லை. மற்றத் திசைகளைக் கைவிட்டு, ஒரு திசையில் இருந்து வருவதை மட்டும் கூடுதலாக வாங்கிக்கொண்டது. ரூட்டரில் மாட்டும் ஆன்டெனாவுக்கும் இதுவே பொருந்தும். ரூட்டர் தரும் ஆற்றல் மாறுவதில்லை. டிபிஐ என்பது அந்த ஆற்றல் எவ்வளவு குவிக்கப்படுகிறது என்பதை டெசிபல் கணக்கில் சொல்லும் அளவு. 3 டெசிபல் கூடினால் குவிந்த திசையில் இரண்டு மடங்கு கிடைக்கும். அந்த இரண்டு மடங்கு வேறு ஏதோ ஒரு திசையில் இருந்து எடுக்கப்பட்டதாகவே இருக்கும்.

எந்தத் திசையில் இருந்து எடுக்கப்படுகிறது என்பதில்தான் உன் கேள்விக்கு விடை இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் சிறிய ஆன்டெனாவைச் சுற்றிச் சிக்னல் பரவும் வடிவம், குச்சியில் செருகிய உளுந்த வடையைப் போன்றது. டிபிஐ கூடக்கூட அந்த வடை தட்டையாகி, விரிந்து, அப்பளமாகிவிடும். ஒரே தளத்தில் தூரம் செல்வதற்கு அது நல்லது. தலைக்கு மேலே இருக்கும் மாடி அறைக்கோ பழைய ஆன்டெனா கொடுத்ததுகூட அதன் பிறகு கிடைக்காமல் போகலாம். 9 டிபிஐ ஆன்டெனாக்களை மாட்டியபோது எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்: அடுக்களையில் மைனஸ் 71 ஆக இருந்த சிக்னல் அளவு மைனஸ் 63-க்கு உயர்ந்தது, மாடியில் மைனஸ் 70 ஆக இருந்தது மைனஸ் 77-க்கு இறங்கிவிட்டது. இந்த எண்களைக் கைப்பேசியிலேயே ஒரு செயலி மூலம் பார்க்கலாம். சுழியை நெருங்க நெருங்கச் சிக்னல் வலிமையானது என்று பொருள். மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தடையின்றி நடக்கும். மைனஸ் 80-ஐத் தாண்டினால் தொடர்பு அறுந்து அறுந்து வரும்.

ஆகவே முதலில் செலவில்லாத வேலையைச் செய். உன் வீட்டு முன் அறையில் ரூட்டர் இரும்புப் பீரோவை ஒட்டி இருந்ததாக நினைவு. அங்கிருந்து அதை எடுத்து, மாடிப்படி தொடங்கும் இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் வை. இரண்டு ஆன்டெனாக்களில் ஒன்றை நிமிர்த்தியும் மற்றொன்றைக் கிடையாகப் படுக்க வைத்தும் பார். படுத்திருக்கும் ஆன்டெனாவின் வடை செங்குத்தாக நிற்பதால் சிக்னல் மேல்நோக்கியும் செல்லும். குச்சியின் நுனி மட்டும் மகளின் அறையைப் பார்த்து நீட்டியிருக்கக் கூடாது, ஏனெனில் வடையின் துளை அந்தப் பக்கம்தான் இருக்கும். ரூட்டர் தரும் இரண்டு அலைவரிசைகளில், மாடி அறையில் 5 கிகாஹெர்ட்ஸை விட்டுவிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைந்து பார்க்கச் சொல். வேகம் குறைந்தாலும் சுவரைக் கடந்து வருவதில் அதுவே மேலானது.

சுவர் என்றதும் நம் கரையோரத்துப் பழைய வீடுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பவளக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தாத்தா எழுப்பிய எங்கள் நடுச்சுவர் ஏறத்தாழ இரண்டடிக் கனம். உப்பு ஏறிய அந்தச் சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. ஈரம் கூடினால் சிக்னல் மேலும் குறைகிறது. கோடையில் மைனஸ் 63 காட்டிய அதே அடுக்களை, ஐப்பசி மழைக்குப் பிறகு மைனஸ் 67 காட்டியது. கொசுவுக்காக அடித்திருக்கும் இரும்பு வலையும், மாடிக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியும் இதேபோல் குறுக்கே நிற்பவைதாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆன்டெனா தேவைப்பட்டால், 5 டிபிஐ அளவில் இரண்டையும் ஒரே வகையாக வாங்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ.; அதை வைத்துக் கணக்கிட்டால் உண்மையான 9 டிபிஐ குச்சி ஆன்டெனாவே 40 செ.மீ. அளவுக்கு நீண்டிருக்க வேண்டும். ஒரு சாண் நீளம்கூட இல்லாத குச்சியில் 12 டிபிஐ என்று அச்சிட்டிருந்தால் அதை நம்பாதே. உன் ரூட்டரில் ஆன்டெனா திருகிக் கழற்றும்படி இருக்கிறதா என்பதையும் முன்னதாகவே பார்த்துக்கொள். திருகும் இணைப்புகளில் ஆர்பி-எஸ்எம்ஏ, எஸ்எம்ஏ என இரண்டு வகை உண்டு. திருகு இரண்டிலும் ஒன்றுபோலவே பொருந்தும், நடுவில் உள்ள ஊசி மட்டும் இடம் மாறியிருக்கும். தவறானதை மாட்டினால் திருகு ஏறினாலும் சிக்னல் சரியாகப் போகாது. ஆன்டெனாவைத் தள்ளி வைக்கலாமே என்று மெல்லிய கேபிளையும் வாங்கிவிடாதே. ஆர்ஜி-174 போன்ற மெல்லிய கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 2 டெசிபலை விழுங்குகிறது. மூன்று மீட்டர் போட்டால் புதிய ஆன்டெனா கொடுத்தது அனைத்தும் போய்விடும்.

திசை ஆன்டெனாவுக்கு உரிய இடம் வேறு. என் மைத்துனரின் கருவாட்டு வாடி எங்கள் வீட்டில் இருந்து 150 மீட்டர் தள்ளிக் கடற்கரையில் இருக்கிறது. இரண்டு முனைகளிலும் ஒன்றையொன்று பார்த்தபடி பேனல் ஆன்டெனாப் பெட்டிகளைக் கட்டி அங்கே இணைப்பு கொடுத்தோம். எதிர் முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தத் தொலைவில், நடுவழியில், நேர்கோட்டைச் சுற்றி 2 மீட்டர் ஆரம் வரை அலை விரிந்து செல்கிறது. இடையில் நின்ற பனையின் ஓலைகள் அந்த வட்டத்துக்குள் ஆடியதால் காற்றடிக்கும் வேளைகளில் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. மரத்தை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. குழாயை இன்னும் ஓராள் உயரம் உயர்த்தினோம், சரியாகிவிட்டது. உரிமம் இல்லாமல் 2.4 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்த அனுமதிக்கும் 2005-ஆம் ஆண்டு விதி, ஆன்டெனாவின் குவிப்பையும் சேர்த்து வெளியேறும் ஆற்றலுக்கு 4 வாட் என்று எல்லை வகுத்திருக்கிறது. ஆகவே பெரிய ஆன்டெனா மாட்டும்போது பெட்டியின் ஆற்றலைக் குறைத்து வைக்க வேண்டும்.

வெளியில் எதைப் பொருத்தினாலும் நம் ஊரில் முதல் பகை உப்புக்காற்றுதான். முன்பு மாடியில் நான் வைத்திருந்த ஆன்டெனாவின் இணைப்பு, நான்கே மாதத்தில் பச்சைக் களிம்பு பூத்து 9 டெசிபலை இழந்திருந்தது. இப்போது இணைப்பின் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதாரணக் கறுப்பு டேப்பைச் சுற்றுகிறேன். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், மழைநீர் உள்ளே வழியாமல் அங்கேயே சொட்டிவிடும். வினிகர் நெடி அடிக்கும் சிலிக்கான் பசையை மட்டும் இணைப்பில் தடவிவிடாதே, அதில் வரும் அமிலமே செம்பை அரித்துவிடும். இடி மின்னல் தொடங்கும் முன்பே வெளியில் இருந்து வரும் கேபிளைக் கழற்றிவைப்பது நல்லது.

ரூட்டரை இடம் மாற்றுவதற்கு முன்பும் பின்பும் மாடி அறை, அடுக்களை, திண்ணை ஆகிய மூன்று இடங்களிலும் அளந்து எண்களை எனக்கு எழுது. மகள் எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறாள் என்பதில்கூட நாலைந்து டெசிபல் மாறும் என்பதால், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று முறை அளந்து பார். என்னிடம் சும்மா கிடக்கும் 5 டிபிஐ ஆன்டெனாக்கள் இரண்டும் ஆர்பி-எஸ்எம்ஏ வகை; உன் ரூட்டருக்குப் பொருந்தும் என்றால், அடுத்த வாரம் தொண்டிக்கு வரும் மைத்துனரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

மகளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்