மேகசினைக் கழட்டிவிட்டாய், சரி, சேம்பரைப் பார்த்தாயா?

அன்புள்ள குமரா,

நலம், நலமறிய ஆவல். மூர்த்தி சார் மணிவிழாவுக்கு நீ வராததற்கான சண்டையைத் தனியாக வைத்துக்கொள்வோம். அதில் லதாவும் என் கட்சிதான், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இப்போது எழுதுவது வேறு விஷயம்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் புது சிக் சாவர் பி365 கைத்துப்பாக்கி, பக்கத்தில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசின், கீழே உன் வாசகம்: "மேகசின் கழட்டியாச்சு, இனி பயமில்லை." படத்தில் ஸ்லைடு, அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம், மூடியிருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம். போனில் சொன்னால் நீ "சரிடா, சரிடா" என்று பேச்சை மாற்றிவிடுவாய்.

மேகசினைக் கழட்டும் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார். ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிகர் கார்டுக்குப் பின்னால் இடப்பக்கம் இருக்கும் அந்த முக்கோணப் பட்டனின் மறுமுனையில் ஒரு பல் இருக்கிறது. மேகசின் உடம்பில் வெட்டிய பள்ளத்தில் அந்தப் பல் மாட்டிக்கொண்டிருக்கும். அழுத்தினால் பல் விலகும், மேகசின் இறங்கும். அந்தப் பட்டனுடைய வேலை அவ்வளவுதான். குழலின் பின்புறம் சேம்பரில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கும் தோட்டாவுக்கும் பட்டனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மேகசினில் 10, சேம்பரில் 1 என்று வைத்திருந்தால், நீ மேசையில் எடுத்து வைத்தது பத்து. பதினோராவது உள்ளேயே இருக்கும். ட்ரிகரைத் தொட்டால் அது வெடிக்கும்.

"மேகசின் இல்லாவிட்டால் துப்பாக்கி சுடாது" என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சில துப்பாக்கிகளுக்கு உண்மை. பிரெஞ்சு ராணுவம் கேட்டது என்பதற்காக, 1935இல் வந்த பிரவுனிங் ஹை-பவரில் மேகசினை எடுத்ததும் ட்ரிகரைத் துண்டிக்கும் ஒரு தடுப்பு வைத்தார்கள். ரூகர் எல்சி9 மாதிரிச் சில சின்னத் துப்பாக்கிகளிலும் அது உண்டு. கலிஃபோர்னியாவில் புதிதாக விற்பனைப் பட்டியலுக்கு வரும் மாடல்களுக்கு 2007இல் அதைக் கட்டாயமாக்கினார்கள். சேகரன் அங்கே இருப்பதால் அவன் வாயிலிருந்து உனக்கு வந்திருக்கலாம். உன் பி365இல் அது கிடையாது. பாலாவின் க்ளாக் 43எக்ஸ் துப்பாக்கியிலும் கிடையாது. அப்படியே இருக்கிற துப்பாக்கியானாலும் அதை நம்பி ட்ரிகரில் விரல் வைக்கக் கூடாது. அது உடைந்திருக்கலாம், பழைய சொந்தக்காரர் கழற்றிப் போட்டிருக்கலாம்.

இதைவிட மோசமான தப்பு வரிசையை மாற்றிச் செய்வது. அவசரக்காரன் முதலில் ஸ்லைடை இழுப்பான். ஒரு தோட்டா வெளியே தெறிக்கும். அதைக் கண்ணால் பார்த்ததும் மனசு "காலி" என்று முடிவுகட்டிவிடும். ஆனால் ஸ்லைடு முன்னால் திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய் சேம்பரில் வைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு பட்டனை அழுத்தி மேகசினை எடுக்கிறான். ஒரு தோட்டா வெளியே விழுந்திருக்கிறது, மேகசின் கையில் இருக்கிறது, பார்வைக்கு எல்லாம் சரி. உள்ளே ஒன்று தயாராக நிற்கிறது. க்ளாக்கைச் சுத்தம் செய்யப் பிரிக்க ட்ரிகரை ஒருமுறை அழுத்தியே ஆகவேண்டும் என்பதால் அங்கே இந்தத் தப்பு நேராகச் சுவரில் ஓட்டையாக முடியும். உன் பி365ஐப் பிரிக்க ட்ரிகர் தேவையில்லை. அந்த வகையில் உனக்கு ஒரு சௌகரியம், அதற்குமேல் எதுவும் இல்லை. முதலில் மேகசின், பிறகுதான் ஸ்லைடு. இதை மட்டும் எந்த நாளும் மாற்றாதே.

இனி கை எங்கே எப்படி இருக்கவேண்டும் என்று சொல்கிறேன். குழல்வாய் எங்கே பார்க்கிறது என்பதிலிருந்து ஆரம்பி. அமெரிக்க வீட்டு உட்சுவர் ஜிப்சம் பலகை. 9 மி.மீ. தோட்டா அப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். மெத்தையும் தடுக்காது. 5 கேலன் வாளி நிறையக் காய்ந்த மணல் போட்டு அலமாரிப் பக்கம் வைத்துவிடு. ஏற்றுவதும் இறக்குவதும் அந்த வாளியைப் பார்த்தபடி மட்டும் நடக்கட்டும். சுட்டுவிரல் நீட்டிக்கொண்டு ட்ரிகர் கார்டுக்கு மேலே, துப்பாக்கியின் உடம்புச் சட்டத்தில் ஒட்டியிருக்கட்டும்.

சின்னத் துப்பாக்கியின் வம்பு பிடியின் நீளத்தில் இருக்கிறது. உனக்குப் பெட்டியில் இரண்டு மேகசின் வந்திருக்கும், ஒன்று அடித்தட்டு சமமாக இருப்பது, இன்னொன்று விரல் வைக்க நீட்சி உள்ளது. சமமானதைப் போட்டால் சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமிருக்காது, அது அடித்தட்டுக்குக் கீழே மடங்கிக்கொள்ளும். நீ பட்டனை அழுத்தும்போது மேகசின் இறங்கப் பார்க்கும், உன் சுண்டுவிரலும் உள்ளங்கைச் சதையும் அதைத் தடுத்து நிறுத்தும். அதைத்தான் நீ "பட்டன் டைட்டா இருக்கு" என்று எழுதியிருக்கிறாய். பட்டனில் கோளாறு இல்லை. கட்டைவிரல் அழுத்தும் அதே நேரத்தில் சுண்டுவிரலை விரித்து விலக்கு, உள்ளங்கையின் அடிப்பக்கத்தைப் பிடியிலிருந்து கொஞ்சம் பெயர். இடக்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் அடித்தட்டின் முன்விளிம்பைப் பிடித்து நேராகக் கீழே இழுக்கட்டும். பட்டனை அடிவரை அழுத்தி, மேகசின் நகரும் வரை விடாதே. பாதி அழுத்திவிட்டால் பல் மறுபடி மாட்டிக்கொள்ளும், அல்லது மேகசின் பாதியில் தொங்கும்.

மேகசின் நிறைய இருந்து ஸ்லைடும் மூடியிருந்தால் பட்டன் உண்மையிலேயே கனமாகத்தான் இருக்கும். மேல் தோட்டா ஸ்லைடின் அடியில் முட்டிக்கொண்டு மேகசினைக் கீழே தள்ளுகிறது, அந்தப் பாரம் முழுவதும் பல்லின் மேல் விழுகிறது. கட்டைவிரலின் நுனியால் குத்தாமல் ரேகைப் பகுதியால் அழுத்து. எட்டாவிட்டால் பிடியைக் கொஞ்சம் திருப்பிக்கொள். ஆனால் திருப்பும்போது குழல்வாய் உன் இடது முன்கையை நோக்கித் திரும்பும், அங்கே கவனம் வேண்டும்.

எடுத்த மேகசினை மேசையில் வைக்காதே, பாக்கெட்டில் போடு. பிறகு ஸ்லைடு. ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் சின்னத் துப்பாக்கியில் விறைப்பானது. பலம் போதாதவர்கள் துப்பாக்கியைக் குறுக்கே திருப்பி வயிற்றோடு வைத்து இழுப்பார்கள், குழல்வாய் முழங்கையையும் பக்கத்தில் நிற்பவரையும் துழாவும். குழல் குட்டை என்பதால் முன்பக்கம் பிடித்தால் விரல் வழுக்கி வாயருகே போய்விடும். துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகே, முன்னோக்கியே வைத்துக்கொள். இடக்கை ஸ்லைடின் பின்வரிகளை அழுத்திப் பிடிக்க, வலக்கை பிடியை முன்னால் தள்ளட்டும். இழுப்பதைவிடத் தள்ளுவது சுலபம். லதாவுக்கும் இப்படியே சொல்லிக்கொடு.

வெளியேறும் தோட்டாவை உள்ளங்கையால் மூடிப் பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு, அதைச் செய்யாதே. கை தடுத்தால் தோட்டா வளைந்து திரும்பி, அதன் அடியில் இருக்கும், குத்துப்பட்டால் வெடிக்கும் பிரைமர், உள்ளே தோட்டாவை வெளியே தட்டிவிடும் எஜெக்டரின் முனையில் குத்திக் கையிலேயே வெடித்துப் பலருக்குக் காயம் ஆகியிருக்கிறது. தரையில் விழட்டும், பிறகு பொறுக்கிக்கொள். மூன்று முறை இழுத்தபின் ஸ்லைடைப் பின்னால் பூட்டு. சேம்பரைக் கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டுத் தடவு, மேகசின் போகும் குழியையும் பார். அதற்குப் பிறகு "காலி" என்று சொல், நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஏற்றும்போது வரும் தப்பு எதிர்த்திசையில். 10 தோட்டா நிறைந்த புது மேகசினை மூடிய ஸ்லைடுக்கு அடியில் மெதுவாகச் செருகினால் பல் மாட்டாமல் அப்படியே நிற்கும். பார்த்தால் தெரியாது. முதல் தோட்டா சுடும், ஏனென்றால் அது சேம்பரில் இருக்கிறது. அதோடு மேகசின் நழுவிவிடும், அல்லது அடுத்த தோட்டா ஏறாமல் வெறும் "டிக்". உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கித் தட்டு, பிறகு அடித்தட்டைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார். வராவிட்டால்தான் மாட்டியிருக்கிறது. சமமான மேகசினைத் தட்டும்போது உள்ளங்கைச் சதை இடையில் சிக்கி நன்றாகக் கிள்ளும், பிடியை அதற்கேற்பத் தளர்த்திக்கொள். ரொம்ப அடம்பிடித்தால் 9 மட்டும் போடு. சில நாள் நிறைத்து வைத்திருந்தால் புது ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கும்.

நீ கேட்காத ஒன்று, பட்டன் தானாக அழுந்துவது. வலது இடுப்பில் வைத்தால் துப்பாக்கியின் இடப்பக்கம், அதாவது பட்டன் இருக்கும் பக்கம், உன் உடம்போடு ஒட்டியிருக்கும். காரில் ஏறும்போது சீட் பெல்ட் கொக்கியும் அதே வலது இடுப்பில்தான் வந்து இடிக்கும். வயிறு, இருக்கை, துப்பாக்கியைச் செருகும் ஹோல்ஸ்டர் மூன்றும் சேர்ந்து பட்டனை அமுக்கினால் மேகசின் சத்தமில்லாமல் விலகி நிற்கும். உடம்புப்பக்கச் சுவர் பட்டனை மறைக்குமளவு உயரமாகவும், பட்டனுக்கு நேரே உட்புறம் குடைந்தும் இருக்கிற ஹோல்ஸ்டர் வாங்கு. நீ படத்தில் காட்டிய துணி ஹோல்ஸ்டரைத் தூக்கிப் போடு, உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. டம்மி தோட்டா போட்டு, நிஜத் தோட்டாவை வேறு அறையில் பூட்டிவிட்டு, மாட்டிக்கொண்டு உட்கார், குனி, காரில் ஏறி இறங்கு. ஒவ்வொரு முறையும் மேகசினை இழுத்துப் பார். ஹூஸ்டன் வியர்வைக்குத் துணித் தூசு பட்டனைச் சுற்றி அடையாக அப்பும். நைலான் பிரஷால் சுரண்டி, மெல்லிய எண்ணெய் ஒரு துளி போட்டுத் துடைத்துவிடு. மேகசினுக்குள் எண்ணெய் ஊற்றாதே.

இன்னொன்று, தினமும் ராத்திரி இறக்கிக் காலையில் அதே தோட்டாவை ஏற்றாதே. ஒவ்வொரு முறை சேம்பருக்குள் மோதும்போதும் ஈயமுனை தோட்டாவின் உறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அழுந்தும். உறைக்குள் இடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் ஏகமாக ஏறும். புதுத் தோட்டாவோடு பக்கத்தில் நிறுத்தி உயரம் பார், குட்டையானதை ஒதுக்கு. இறக்கி ஏற்றுவதைக் குறைக்க ஒரே வழி, ஹோல்ஸ்டரோடு அப்படியே பூட்டுப்பெட்டியில் வைப்பது. குட்டி வீட்டில் இருக்கிறாள். 17 வயதுக்குக் குறைந்த குழந்தையின் கைக்கு எட்டும்படி தோட்டா ஏற்றிய துப்பாக்கியை வைப்பது டெக்சாஸில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பெட்டி எனக்கு வேண்டும், குமரா. பெட்டி வரும் வரை அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்கக்கூடாது என்றுகூடச் சொல்வேன்.

பாலா இடக்கையன் என்பதால் அவனுக்கு வேறு கதை. ட்ரிகர் விரலால் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கிறான். விரல் திரும்பி வரும்போது எங்கே போய் நிற்கும் என்பதுதான் எனக்குப் பயம். க்ளாக் பட்டனை மறுபக்கம் மாற்றலாம் என்று சொல். காலியாக்கிச் சரிபார்த்தபின், மேகசின் குழிக்குள் மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவரை விட்டு, பட்டனின் வெட்டில் மாட்டியிருக்கும் கம்பி ஸ்பிரிங்கை நகர்த்தினால் பட்டன் கழன்று வரும். திருப்பிப் போட்டு, கம்பியை மறுபடி வெட்டில் உட்கார வைக்கவேண்டும். 15 தோட்டா இரும்பு மேகசின் வாங்கப்போகிறானாமே, அப்படியானால் பட்டனும் இரும்பாக இருக்கவேண்டும். பிளாஸ்டிக் பல்லை இரும்பு மேகசின் அரித்துவிடும். இரும்புப் பட்டன் போட்டபின் பழைய பிளாஸ்டிக் மேகசினைப் போட்டால் அதன் வெட்டு தேயும். இரண்டையும் கலந்து வைத்துக்கொள்ளாதே என்று சொல்.

எச்-1பி வேலை விசாவில் இருந்தவரை உனக்கு இது சுலபமாக இருந்திருக்காது, கிரீன் கார்டு வந்த உற்சாகம் எனக்குப் புரிகிறது. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் உரிமம் இல்லாமலே சுமக்கலாம் என்பதால் வகுப்பும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வகுப்புக்குப் போ. லதாவையும் கூட்டிக்கொண்டு போ, உன்னைவிட அவள் பொறுமையாகக் கேட்பாள். ஹோல்ஸ்டர், பூட்டுப்பெட்டி இரண்டும் வந்ததும் படம் அனுப்பு. ஸ்லைடு பின்னால் பூட்டியபடி எடு.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி