20 டேப்லெட், 40 பிள்ளைகள்: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மீனாட்சி,

உன் கடிதம் கிடைத்தது. ஏழாம் வகுப்புக்கு 20 டேப்லெட் வந்திருப்பதையும், ‘டிஜிட்டல் குடிமை’ (இணையத்தைப் பொறுப்போடும் பாதுகாப்பாகவும் பயன்படுத்தும் பழக்கம்) என்று வாரத்துக்கு ஒரு பாடவேளையை உன் பொறுப்பில் விட்டிருப்பதையும் படித்து உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். எந்தச் செயலியில் தொடங்குவது, அந்தத் தனிப் பாடவேளையில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அதைத் தனிப் பாடவேளையாக வைத்துக்கொள்ளாதே. தலைமையாசிரியரிடம் பேசி, அந்த நேரத்தை அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் தமிழுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடு.

காரணம் இதுதான். கடவுச்சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டிய நேரம், பிள்ளை முதன்முதலாக உள்நுழையும் நேரம். அடுத்தவர் படத்துக்கு அவர் பெயரைப் போட வேண்டும் என்று சொல்ல வேண்டிய நேரம், அவள் ஒரு படத்தைத் தேடி எடுத்துத் தன் பக்கத்தில் ஒட்டும் நேரம். உறுதிமொழி வாசிக்கவைத்து, சுவரொட்டி ஒட்டி, ‘இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே’ என்று ஒரு பாடவேளை முழுக்கப் பேசினால் தேர்வில் சரியாக எழுதிவிடுவார்கள். பழக்கமாக அது கையில் படியாது.

எந்தச் செயலி என்பதற்கு வருமுன் மின்சாரமும் வைஃபையும். டேப்லெட் சார்ஜர் ஒன்றுக்கு 15 வாட் என்று வைத்தால் 20-க்கு 300 வாட். ஒரு நல்ல இணைப்பு தாங்கும். ஆனால் நீட்டிப்புப் பலகையில் இன்னொரு நீட்டிப்புப் பலகையைச் செருகவே கூடாது. நாளை 65 வாட் மடிக்கணினிகள் 20 வந்தால் கணக்கு 1,300 வாட்டுக்குப் போய்விடும், அப்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டுவிடு. ஒரே நேரத்தில் 20 திரையில் 720பி வீடியோ ஓடினால், ஒன்றுக்கு நொடிக்கு 2.5 மெகாபிட் என்றாலும் மொத்தம் 50 மெகாபிட் வேண்டும். அத்தனை வேகம் வருகிற இணைப்பிலும் ரூட்டர் திணறும். வீடியோவை முன்கூட்டியே இறக்கி ஒரே திரையில் காட்டு. ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதில் இணை, 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். தானியங்கிப் புதுப்பிப்பை இரவுக்கு மாற்றி வை. இல்லையென்றால் பாடம் தொடங்கிய மூன்றாவது நிமிடம் எல்லா டேப்லெட்டும் சேர்ந்து புதுப்பிக்கத் தொடங்கும். இணையமே இல்லாத நாளுக்கு இணையமில்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி வைத்துக்கொள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் அறிவியல் மாதிரிகளையும் இறக்கிவைத்து இணையமில்லாமல் ஓட்டலாம்.

டேப்லெட்டுகளின் முதுகில் 1 முதல் 20 வரை எண் ஒட்டு. ஒரு ஜோடிக்கு எப்போதும் ஒரே எண். ஒருவர் கையாள, மற்றவர் படித்துச் சொல்ல; 8 நிமிடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். நேரத்தை நீ அறிவிக்காவிட்டால் கை வேகமான பிள்ளையே கடைசி வரை வைத்திருக்கும். நீ பேசும்போது திரையைக் கவிழ்த்து வைக்கச் சொல். இது கண்டிப்புக்காகச் சொல்வதில்லை. 2013-இல் சனா, வெஸ்டன், செப்பீடா மூவரும் வெளியிட்ட ஆய்வில், வகுப்பில் மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர்கள் மட்டுமல்லாமல், அவர்களின் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களும் தேர்வில் பின்தங்கினார்கள். தன் திரை பக்கத்தில் இருப்பவரையும் பாதிக்கும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடு; அதுவும் குடிமைப் பாடம்தான்.

கணக்குகளைப் பள்ளி நிர்வாகத்தின் வழியாகவே உருவாக்கு. பல சேவைகள் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கணக்குத் தருவதில்லை. அமெரிக்காவில் 1998-இல் வந்த சிறுவர் தனியுரிமைச் சட்டம்தான் அதற்கு மூலம். ஏழாம் வகுப்பில் 12-உம் 13-உம் கலந்தே இருக்கும். பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்க நீயே வழி காட்டினால், பிறகு நேர்மை பற்றி என்ன சொன்னாலும் எடுபடாது. புதுச் செயலி எதுவானாலும் மூன்றைப் பார்: என்னென்ன விவரம் கேட்கிறது, விளம்பரம் காட்டுகிறதா, ஆண்டு முடிவில் எல்லாக் கணக்கையும் அழிக்க முடியுமா. மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் வேண்டாம்.

கடவுச்சொல்லுக்கு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை வரிசையாக எழுதச் சொல். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி நீளத்துக்கே முதலிடம் கொடுத்தது. குறியீடும் எண்ணும் கட்டாயம் கலக்க வேண்டும், குறித்த நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்கிற பழைய விதிகளைக் கைவிடச் சொன்னது. சொற்கள் தமிழாக இருக்கட்டும், ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யட்டும். தமிழ் விசைப்பலகை இல்லாத கருவியில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். பலகையில் நீ எழுதும் எடுத்துக்காட்டைப் பாதிப் பேர் அப்படியே வைத்துக்கொள்வார்கள். அதனால் எழுதிக் காட்டியதும், ‘இது இனி யாருக்கும் கடவுச்சொல் இல்லை’ என்று சொல்லி அழித்துவிடு. ஒரு டேப்லெட்டை இருவர் பகிர்வதால் உலாவியில் ‘கடவுச்சொல்லைச் சேமி’ என்பதை அணைத்துவிட வேண்டும். பாடவேளையின் கடைசி இரண்டு நிமிடம் வெளியேறுவதற்கென்றே ஒதுக்கு. மணி அடித்த பிறகு சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள்.

இனி உன் முதல் கேள்வி. ஒரே ஒரு கருவியில் தொடங்கு: இணையத்தில் பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து எழுதும் ஆவணம். இந்த ஆண்டு வேறு எதுவுமே செய்யாவிட்டாலும் இது போதும் என்பேன். தனியுரிமை, மரியாதை, பொறுப்பு எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

அறிவியல் சோதனைக் குறிப்பில் தொடங்கலாம். நாலு பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு இரண்டு டேப்லெட், ஆகப் பத்து ஆவணம். வெற்றுப் பக்கத்தைக் கொடுக்காதே. நோக்கம், பொருள்கள், செய்முறை, கண்டது, ஏன் அப்படி என்று ஐந்து வரிசையில் ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எழுத வேண்டியவரின் பெயரைப் போட்டுவிடு. ‘ஏன் அப்படி’ மட்டும் நால்வருக்கும் பொது. மூலப்படியைப் பார்க்க மட்டும் அனுமதி கொடு. பத்துப் பிரதி எடுத்து, அந்தந்தக் குழுவின் கணக்குகளுக்கு மட்டும் திருத்தும் அனுமதி கொடு. ‘லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்’ என்பது வசதியாகத் தெரியும். அந்த லிங்க் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் போதும், பெயர் தெரியாத யாரோ உள்ளே வந்து எழுதுவார்கள். யார் என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

முதல் நாள் நடக்கப்போவது எனக்குத் தெரியும்: யாரோ ஒருவர் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்துவிடுவார், ‘நான் இல்லை டீச்சர்’ என்று நாலு குரல் கேட்கும். அது நடப்பதற்கு முன்பே பதிப்பு வரலாற்றைத் திறந்து காட்டிவிடு. பெரிய திரையில் ஒரு பத்தியை நீயே அழி, பழைய பதிப்பைத் திற, எந்தக் கணக்கு எத்தனை மணிக்கு என்ன மாற்றியது என்று காட்டு, மீட்டெடு. அழிந்தது திரும்பி வரும், செய்தது பதிவாகும் என்ற இரண்டையும் ஐந்து நிமிடத்தில் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். அதற்கு மேல் பிரசங்கம் தேவையில்லை. ஒருவர் வெளியேறாமல் விட்டுப்போன டேப்லெட்டில் இன்னொருவர் எழுதியிருந்தால் பதிவு தவறான பெயரைக் காட்டும் என்பதை மட்டும் நீ மறக்காதே. கணக்கின் பெயரை வைத்து உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதே.

இரண்டாம் வாரம் குழுக்களை மாற்றி, பக்கத்துக் குழுவின் ஆவணத்தில் கருத்திடும் அனுமதி மட்டும் கொடு. கருத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்த இடம், அங்கே என்ன புரியவில்லை, என்ன செய்யலாம். ‘சூப்பர்’ என்பதற்கு மதிப்பில்லை. ‘கண்டது பகுதியில் எத்தனை நிமிடம் கழித்து நிறம் மாறியது என்று இல்லை, நேரத்தைச் சேர்க்கலாம்’ என்பது கருத்து. பெற்ற குழு ஒவ்வொன்றுக்கும் ஏற்றேன் அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று பதில் எழுதிய பிறகே அதை மூட வேண்டும். புண்படுத்தும் கருத்து ஒன்று கட்டாயம் வரும். வகுப்பின் முன்னால் வாசிக்காதே. எழுதியவரைத் தனியே அழைத்து, அதே குறையை இந்த மூன்று பகுதி வடிவத்தில் மறுபடி எழுதச் சொல். பெரும்பாலும் குறை நியாயமாகவே இருக்கும், சொன்ன விதம்தான் தவறாக இருக்கும்.

தட்டச்சு தாமதமாகும் என்று கவலைப்பட்டிருந்தாய். தமிழ்99 விசைப்பலகையை ஆரம்பத்திலேயே பழக்கு. உயிரும் மெய்யும் சேர்ந்து எழுத்தாகும் விதத்தையே அது பின்பற்றுவதால் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடும். பழைய பாமினி எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும். அப்படி விழுந்தால் டேப்லெட் கெட்டுவிட்டது என்று நினைக்காதே, யூனிகோடுக்கு மாற்றிக்கொள்.

அடுத்து, தகவலைச் சரிபார்ப்பது. ‘இணையதளம் அழகாக இருக்கிறதா, எங்களைப் பற்றி என்ற பக்கம் இருக்கிறதா’ என்று பட்டியல் வைத்து மதிப்பிடும் பழைய முறையை விட்டுவிடு. மர ஆக்டோபஸ் என்ற இல்லாத பிராணிக்காக 1998-இல் ஒருவர் உருவாக்கிய தளம், படமும் வாழிடமும் பாதுகாப்பு வேண்டுகோளுமாக அந்தப் பட்டியலில் எளிதாகத் தேறிவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைன்பர்க்கும் மெக்ரூவும் வரலாற்றுப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் தகவல் சரிபார்ப்பவர்களையும் ஒப்பிட்டபோது, சரிபார்ப்பவர்கள் மட்டும் சீக்கிரமே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, உலாவியில் புதுத் தாவல்களை (டேப்) திறந்தார்கள். அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைத் தேடினார்கள். இந்தப் பழக்கத்தையே, இணையத் தகவலைச் சரிபார்க்கக் கற்பிக்கும் மைக் கால்ஃபீல்ட் நான்கு அசைவாகச் சுருக்கினார்: நில், சொல்வது யார் என்று பார், அதைவிட நல்ல செய்தி வேறெங்கே இருக்கிறது என்று தேடு, மூலம் வரை போ.

வகுப்பில் 15 நிமிடம் போதும். சமூக அறிவியல் பாடத்தோடு ஒட்டிய ஒரு கூற்றைக் கொடு. முதல் 2 நிமிடம் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம். பிறகு அதற்குள் திரும்பக் கூடாது, புதுத் தாவல் மட்டும். கடைசியில் ஒரே வாக்கியம்: ‘இதை நம்புகிறோம், அல்லது நம்பவில்லை, ஏனென்றால்…’ படமாக இருந்தால் தலைகீழ்ப் படத்தேடல், அதாவது சொல்லுக்குப் பதில் படத்தையே தேடுபொறியில் கொடுத்து அது வேறெங்கே வந்திருக்கிறது என்று பார்ப்பது. மேலே எழுதிய வாசகத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் தேடவேண்டும். வாசகத்தோடு தேடினால் அதே வதந்தியின் பிரதிகள்தான் கிடைக்கும். ஒன்றை மிகவும் வலியுறுத்துவேன். நீ கொடுக்கும் கூற்றுகளில் பாதி உண்மையாக இருக்கட்டும். பொய்களையே கொடுத்தால் சில வாரத்தில் எதைக் காட்டினாலும் ‘ஃபேக்’ என்பார்கள். எதையும் நம்பாத பிள்ளை, எல்லாவற்றையும் நம்பும் பிள்ளையைவிடப் பாதுகாப்பாக இல்லை.

படங்களுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (ஆக்கியவரே சில நிபந்தனையோடு பிறர் பயன்படுத்தத் தரும் அனுமதி) உள்ளவற்றைத் தேடப் பழக்கு. தலைப்பு, ஆக்கியவர், கிடைத்த இடம், உரிமம் என்ற நான்கும் படத்துக்குக் கீழே வரட்டும். ‘கூகுள்’ என்பது ஆக்கியவர் பெயராகாது.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்டிருந்தாய். பிள்ளைகளுக்குக் கணக்கு வேண்டாம். 13-க்குக் கீழ் வேண்டாம் என்றுதான் யுனெஸ்கோவின் 2023 வழிகாட்டியும் சொல்கிறது. பாடத்திலிருந்து ஒரு கேள்வியை நீ கேட்டு, வந்த பதிலை அச்சடித்துக் கொடு. பாடநூலோடு ஒப்பிட்டு, சரியானதற்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு, சரிபார்க்க வழி தெரியாததற்கு மஞ்சள் கோடு போடட்டும். மஞ்சள்தான் பேச வேண்டிய இடம். வீட்டுப்பாடத்தை இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் செயலிகளை நம்பி யாரையும் குற்றம் சாட்டாதே. ஓபன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட அத்தகைய கருவி, அதன் சொந்தச் சோதனையிலேயே இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் கண்டுபிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்றது. துல்லியம் குறைவு என்று 2023 ஜூலையில் அதை அவர்களே விலக்கிக்கொண்டார்கள். சந்தேகம் வந்தால் பதிப்பு வரலாற்றைப் பார், பிறகு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு 2 நிமிடம் பேசவிடு.

ஒரு பிள்ளை உன்னிடம் வந்து தன்னை யாரோ இணையத்தில் துன்புறுத்துவதாகச் சொன்னால், முதல் வாக்கியம் ‘சொன்னது நல்லது’ என்பதாக இருக்கட்டும். பதில் எழுத வேண்டாம், அழிக்க வேண்டாம். தேதியும் கணக்கின் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், பிறகு தடுப்பு, பிறகு புகார், அன்றே தலைமையாசிரியருக்கும் வீட்டுக்கும் தகவல். பாதிக்கப்பட்ட பிள்ளையின் போனைப் பிடுங்காதே. போன் போய்விடும் என்ற பயத்திலேயே பலர் சொல்லாமல் இருக்கிறார்கள். ஆனால் அந்தரங்கப் படம் சம்பந்தப்பட்டது என்றால் ஸ்கிரீன்ஷாட் விதி பொருந்தாது. பார்க்காதே, சேமிக்காதே, யாருக்கும் அனுப்பாதே. ஆதாரத்துக்காக என்றாலும் சிறுவரின் அத்தகைய படத்தை வைத்திருப்பது பல நாடுகளில் குற்றம். தலைமையாசிரியர் வழியாகக் காவல்துறைக்குப் போக வேண்டும். ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை, 18 வயதுக்குட்பட்டபோது எடுத்த படங்களின் அடையாளக் குறியீட்டை மட்டும் எடுத்து, பங்கேற்கும் தளங்களில் பரவாமல் தடுக்க உதவுகிறது. படம் பிள்ளையின் கருவியை விட்டு வெளியே போவதில்லை.

பெற்றோர் சம்மதக் கடிதத்தை இந்த வாரமே எழுதிவிடு. எந்தச் சேவை, என்ன விவரம், எவ்வளவு காலம், யாரிடம் கேட்கலாம் என்ற நான்கும் ஒரே பக்கத்தில் வரட்டும். பிள்ளைகளின் புகைப்படத்தை வெளியிட சம்மதமா என்பதைத் தனிக் கேள்வியாக வை. ஒரே கையெழுத்தில் இரண்டையும் வாங்காதே. சம்மதிக்காத வீட்டுப் பிள்ளைக்கு அதே பாடத்தைத் தாளில் செய்ய வழி இருக்க வேண்டும், மதிப்பெண் குறையாமல். டேப்லெட் கேமராவில் இருப்பிடப் பதிவை இப்போதே அணைத்துவிடு, படத்தோடு இடமும் சேர்ந்து போய்விடும். வரைவை எழுதியதும் எனக்கு அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன். அதோடு உன் முதல் அறிவியல் பாடம் எது என்றும் எழுது. ஐந்து வரிசை அட்டவணையை அதற்கேற்ப மாற்றி அனுப்புகிறேன்.

அன்புடன்,
கலா