கேஸ் ஜெனரேற்றர் வாங்க முன்: தீவகப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சோலாருக்கு மழைக்காலத் துணையாக, சமையல் கேஸில் ஓடும் ஜெனரேற்றர் வைப்பது நல்ல யோசனை. பெற்றோல் மாதக்கணக்கில் கிடந்தால் காபரேற்றரில் பசை பிடிக்கும், கேஸ் கெடாது. ஆனால் விலைமனுவில் கிலோவாற்றை மட்டும் எழுதினால் போதாது.

சிலிண்டரிலிருந்து எவ்வளவு கேஸ் வரும் என்று வெளிநாட்டுக் கையேடுகள் தரும் கணக்கு பெரும்பாலும் தனிப் புரொப்பேனுக்கானது. எங்கள் அடுப்புச் சிலிண்டரில் திரவமாக இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. புரொப்பேன் சுழியத்துக்குக் கீழ் 42 பாகையிலேயே கொதிக்கும், பியூட்டேன் சுழியத்துக்குச் சற்றுக் கீழே. அதனால் முதலில் புரொப்பேன்தான் அதிகம் வெளியேறும். பாதி முடிந்த சிலிண்டரில் அழுத்தம் குறையும்.

சிறிய ஜெனரேற்றர் ஒரு யூனிற்றுக்கு 400 முதல் 500 கிராம் எரிக்கும். 3 கிலோவாற்றுச் சுமைக்கு மணிக்கு 1.2 முதல் 1.5 கிலோ. நிரம்பிய 12.5 கிலோ சிலிண்டர் தொடர்ந்து ஆவியாக்கக்கூடியதோ ஏறத்தாழ மணிக்கு 1 கிலோ. சிலிண்டரின் கீழ்ப்பாதி வேர்க்கும், பிறகு வெண்பனி படியும், ஜெனரேற்றரின் மோட்டர் திக்கித் திக்கி ஓடும். அப்போதுதான் யாராவது சிலிண்டரைச் சரித்து வைப்பார்கள். திரவமே ரெகுலேற்றருக்குள் போய்விடும், அது மிகவும் ஆபத்தானது. இரண்டு மூன்று சிலிண்டர்களை நிமிர்த்தி, ஒரே குழாயில் இணைப்பதுதான் வழி.

அடுப்பு ரெகுலேற்றர் மட்டும் போதாது. மோட்டர் நின்றாலும் அது கேஸை விட்டுக்கொண்டே இருக்கும். மோட்டர் உறிஞ்சும்போது மட்டும் திறக்கும் டிமாண்ட் ரெகுலேற்றரைக் கட்டாயமாக்குங்கள். நிறுத்தும்போது முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். குழாயில் மிஞ்சியதை எரித்துவிட்டு மோட்டர் தானாக நிற்கட்டும். உப்புக் காற்றில் வால்வும் இணைப்பும் விரைவில் அரிக்கும். மாதம் ஒருமுறை சவர்க்கார நுரை பூசி, கசிகிறதா என்று பாருங்கள்.

கேஸ் காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். சிலிண்டர் வெளியே, நிழலில், கிணற்றுக்கும் வடிகாலுக்கும் தள்ளி இருக்கவேண்டும். குறிகட்டுவானிலிருந்து சிலிண்டர் ஏற்றும் படகுகளிலும் இதே கவனம் தேவை: அடித்தட்டுக்குள் கசிந்த கேஸ் போக வழியின்றி மோட்டருக்குக் கீழேயே கிடக்கும். மேல்தட்டில், நிமிர்த்திக் கட்டி, பயணிகள் இல்லாத ஓட்டத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

ஜெனரேற்றரை மாற்றுச்சுவிச் (வெளி மின்சாரத்தைத் துண்டித்த பிறகே ஜெனரேற்றரை இணைக்கும் சுவிச்) இல்லாமல் வீட்டு இணைப்பில் மாட்ட விடாதீர்கள். ஜெனரேற்றர் மின்சாரம் வெளிக் கம்பிக்குத் திரும்பிப் போய்விடும்; கம்பத்தில் வேலைசெய்பவரின் உயிர் அதில் இருக்கிறது.

இவ்வளவையும் அடுத்த விலைமனுக் கோரலிலேயே நிபந்தனைகளாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மின், இயந்திரத் தொழில் செய்வோர்
யாழ்ப்பாணம்