அடுக்கை மேலே ஏற்றி அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பட்டாசுப் புகை பற்றி நம் நாளிதழில் வந்த கட்டுரையை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி கத்தரித்துக் கணக்கு நோட்டில் ஒட்டியிருந்தாள். புகையின் நுண்துகள் 2.5 × 10-6 மீட்டர், கொரோனா வைரஸ் சுமார் 1 × 10-7 மீட்டர் என்று அச்சாகியிருந்தது. பத்தின் தலைமேல் சிறிதாக வரவேண்டிய அடுக்கு எண் (-6, -7) மேலே ஏறாமல் பத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. “தாத்தா, இருபத்தைந்தில் ஆறு போனால் பத்தொன்பது. துகள் 19 மீட்டர், வைரஸ் 3 மீட்டரா?” என்று கேட்டாள். அச்சில் உள்ளபடி பார்த்தால் அவள் கணக்கு சரிதான்.

10⁻⁶, 10⁻⁷ என்று திருத்திக் காட்டினேன். உடனே, ஏழுதானே பெரியது, அப்போ வைரஸ்தான் பெரியது என்றாள். முப்பது வருடம் வகுப்பில் நான் பார்த்த அதே தடுமாற்றம். சரி என்று, துகளின் அளவைத் தசமத்தில் 0.0000025 என்று எழுதி, அதன் கீழே புள்ளிக்கு நேர் புள்ளி வைத்து வைரஸின் அளவை 0.0000001 என்று எழுதச் சொன்னேன். பென்சில் முனையால் பூஜ்யங்களை எண்ணினாள். அப்புறம் அவளே வகுத்து, துகள் 25 மடங்கு பெரியது என்றாள். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 7 × 10⁻⁵ மீட்டர் என்றதும், அதன் குறுக்கே 28 துகள்களை வரிசையாக வைக்கலாம் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

அடுக்கை மேலே ஏற்ற அச்சில் வழியில்லையென்றால், 10⁻⁶ மீட்டர் என்பதை ‘மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு’ என்று எழுத்திலேயே போடுங்கள். பிள்ளைகள் உங்கள் தாளை நம்பி நோட்டில் ஒட்டுகிறார்கள்.

– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்