நூடுல்ஸ் தெரிகிறது, கடன் தெரியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963-இல் தொடங்கியது. மன்னார்குடியில் என் அப்பா சிற்றலையைத் திருகித் திருகிக் கேட்பார். கடிதம் போட்டால் காலண்டர்கூட வந்தது. சீனாவின் மீது நம் மனதில் நல்லெண்ணம் வளர்க்கும் அந்த வேலையை இப்போது சீன ஆவணப்படங்கள் பார்க்கின்றன. நூடுல்ஸ் இழுக்கும் கிழவியையும் மலையைக் குடைந்து ஓடும் ரயிலையும் கண் கொட்டாமல் பார்த்தேன், மறுக்கவில்லை. ஆனால் 2017-இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் கடன் கணக்கை அவற்றில் நான் கண்டதில்லை.

நம்மிடம் சொல்லக் கதையா இல்லை? நாகப்பட்டினத்தில் சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாகத் தந்தவன் ராஜராஜன். அதை நேர்த்தியாகப் படமெடுத்து, சிங்களத்திலும் குரல் கொடுத்துக் கொழும்பில் காட்டினால் என்ன?

— ஒரு வாசகர், மன்னார்குடி