ஓடுபாதை சென்சார் தரவை இணையத்தில் போடுங்கள்

எங்கள் ஊர் விமான நிலையத்தின் ஓடுபாதைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கான்கிரீட்டுக்குள் பதித்த சென்சார்களின் தரவைக் கேட்டிருந்தோம். சென்ற வாரம் உறை வந்தது, நன்றி. உள்ளே இருந்தவை வரைபடங்களின் ஜெராக்ஸ். சிவப்பும் நீலமும் பச்சையுமாக இருந்திருக்க வேண்டிய கோடுகள் எல்லாம் ஒரே சாம்பல். எது ஸ்லாபின், அதாவது ஓடுபாதையின் கான்கிரீட் பாளத்தின், மேற்பரப்பு வெப்பநிலை, எது அடிப்பரப்பு என்று பிரிக்க முடியவில்லை. என் ஆய்வு மாணவி தாளின் மேல் ஸ்கேலை வைத்து, லென்ஸ் பிடித்துப் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டிருக்கிறார். கருவி துல்லியமாக அளந்ததை நாங்கள் குத்துமதிப்பாக எடுக்கிறோம்.

அந்த மேல், கீழ் வித்தியாசம்தான் எங்களுக்கு வேண்டியதே. பகலில் மேல்பக்கம் சூடேறி ஸ்லாபின் நடுப்பகுதி எழும்பும். இரவில் மேல்பக்கம் குளிர்ந்து மூலைகள் தூக்கும். தூக்கிய மூலையில் சக்கரம் ஏற ஏற விரிசல் விழும். உங்களுக்குத் தெரியாததில்லை.

1995-ல் திறந்த அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில், கட்டும்போதே ஓர் ஓடுபாதையில் 460 சென்சார்களைப் பதித்து, தரவை ஆய்வாளர்களுக்கு இணையத்தில் கொடுத்தார்கள். அங்கேயே அட்லாண்டிக் சிட்டி அருகே 1999 முதல் இயங்கும் ஓடுபாதைச் சோதனைக் கூடத்தின் தரவும் அப்படியே கிடைக்கிறது. நம் தரவு கிடைக்காததால், பனி கொட்டும் டென்வரின் எண்களை வைத்து அக்னி நட்சத்திரத்தில் காயும் நம் ஓடுபாதைக்குக் கணக்குப் போடுகிறோம்.

இணையத்தில் போடாததற்குப் பாதுகாப்புக் காரணம் என்கிறீர்கள். ஓடுபாதையின் நீளம், அகலம், தாங்குதிறன் எண் எல்லாம் விமானிகளுக்கான அரசு வெளியீட்டிலேயே அச்சாகிறது. மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்லாப் எத்தனை டிகிரி கொதித்தது என்று தெரிந்துகொண்டு எதிரி தோசையா வார்க்கப் போகிறான்? பொதுப் பணத்தில் சென்சார் பதிப்பது, திறப்பு விழாவில் போட்டோ எடுப்பது, அப்புறம் அறிக்கையை பீரோவில் பூட்டுவது. பாலமானாலும் அணையானாலும் இதே கதைதான்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். தயவுசெய்து தரவை இணையத்தில் போடுங்கள். எக்செல் கோப்பாகவே போதும். எந்த சென்சார் எந்த ஆழத்தில் என்ற வரைபடமும் சென்சார் காட்டுவதைச் சரியான அளவாக மாற்றும் அளவுத்திருத்த எண்களும் கூடவே வேண்டும். அவை இல்லாமல் எண்கள் வெறும் எண்கள்தான். தரவில் விமான நிறுவனங்களின் பெயர் இருந்தால் நீக்கிவிடுங்கள். தயக்கம் இருந்தால் ஆறு மாதம் கழித்து வெளியிடுங்கள், காத்திருக்கிறோம். ஆனால் வெளியிடுங்கள். பதிவேற்ற ஆள் இல்லையென்றால் எங்கள் மாணவர்களை அனுப்புகிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பொறியியல் கல்லூரி ஆசிரியர்